வீட்டிலேயே இயற்கைக் குறிப்பேடு: குழந்தைகளோடு தொடங்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு குழந்தையின் கையில் இலையைக் கொடுத்து "இதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கையிலிருக்கும் இலை தாளில் வராது. மனதுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓர் இலைதான் வரும்: கண் வடிவம், நடுவில் ஒரு கோடு, இருபுறமும் சரிந்த சின்னக் கோடுகள், உள்ளே ஒரே பச்சை. கையிலிருக்கும் இலையிலோ பூச்சி அரித்த ஓட்டை இருக்கும், நுனி கருகியிருக்கும், இடப்பாதி வலப்பாதியைவிடக் கொஞ்சம் அகன்றிருக்கும். இவை தாளுக்கு வராததற்குக் காரணம் கை பழகாதது இல்லை. கண் அவற்றின் மேல் நிற்கவே இல்லை.

இயற்கைக் குறிப்பேடு (நேச்சர் ஜர்னல் என்றும் சொல்கிறார்கள்) கண்ணை நிற்க வைக்கும் பழக்கம். பார்த்ததைப் படமாகவும் சொல்லாகவும் எண்ணாகவும் தேதியோடு பதிவது, அவ்வளவுதான். இதை ஓவியப் பயிற்சியாக நினைத்துத் தொடங்கும் வீடுகளில் சில வாரங்களிலேயே நின்றுபோகும். படம் சரியாக வராத குழந்தை நோட்டைத் தொடாது, நன்றாக வரையும் குழந்தை பார்ப்பதை நிறுத்திவிட்டு அலங்கரிக்கத் தொடங்கும்.

ஒரு பக்கம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளை எதிரில் வைத்துப் பார்க்காமல் எழுதியிருக்கவே முடியாத ஒரு விஷயமாவது பக்கத்தில் இருக்கிறதா? "இலை பச்சை" என்பது பார்க்காமலே எழுதக்கூடியது. "இலையில் ஏழு ஓட்டை, ஒன்றுகூட நடு நரம்பில் இல்லை" என்பதைப் பார்க்காமல் எழுத முடியாது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இரண்டாவது வகை வாக்கியத்தைக் குழந்தையிடமிருந்து வரவழைக்கத்தான்.

நோட்டும் கருவிகளும்

நோட்டு கோடு போடாததாக இருக்கட்டும். கோடு போட்ட நோட்டில் குழந்தைகள் வரியை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள், படத்தை ஒரு மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆறு வயதுக்குக் கீழ் ஏ4 அளவு நல்லது, ஏனென்றால் சின்னக் கைகள் பெரிதாகத்தான் வரையும். அதற்கு மேல் ஏ5 போதும், பையில் அடங்கும்.

தாளின் கனம்தான் பலரும் கோட்டை விடும் இடம். சாதாரண அச்சுத்தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). பென்சிலுக்கும் கிரேயானுக்கும் அது தாங்கும். வாட்டர்கலர் பட்டால் அப்பளம்போல் அலையலையாகச் சுருண்டு, நிறம் பின்பக்கத்துக்கு ஊறும். வண்ணம் தீட்டும் எண்ணம் இருந்தால் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாள் வாங்குங்கள். நிறைய தண்ணீர் விடும் குழந்தை என்றால் 200-க்கு மேல். ஸ்பைரல் கட்டு முழுதாக மடித்துக்கொள்ள வசதி, மடியில் வைத்து வரையலாம். ஆனால் தாள்கள் ஒன்றோடொன்று உரசிப் பென்சில் மங்கும். தைத்த நோட்டில் அந்தத் தொல்லை குறைவு, நீண்டநாள் உழைக்கும், ஆனால் கிளிப் போட்டுத் திறந்து வைக்க வேண்டும். எதுவானாலும் அட்டை கெட்டியாக இருக்கட்டும், வெளியில் மேசை கிடைக்காது.

விலையுயர்ந்த தோல் அட்டை நோட்டு வேண்டாம். அதன் முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அது அலமாரியிலேயே இருக்கும்.

பென்சிலில் எச்பி ஒன்று, 2பி ஒன்று. அதைவிட மென்மையானவை கை பட்டதும் இழுவும். அழிப்பானை முதல் சில மாதங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அழிப்பான் கையிலிருந்தால் குழந்தையின் பாதி நேரம் தாளைத் தேய்ப்பதில் போகும், பொருளைப் பார்க்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். கோடு தப்பினால் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடட்டும். இரண்டு கோடும் இருப்பதில் தவறில்லை.

இவற்றோடு 15 செ.மீ. அளவுகோல், 12 வண்ணங்கள் கொண்ட பென்சில் பெட்டி, ஒரு லென்ஸ். லென்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 10 மடங்கு பெருக்கும் சின்ன மடக்கு லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, பொருளை அதன் அருகே கொண்டுவர வேண்டும். சுமார் இரண்டரை செ.மீ. தூரத்தில் தெளியும். குழந்தைகள் கையை நீட்டிப் பிடித்து "மங்கலா தெரியுது" என்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது பிடிபடாவிட்டால் 3 மடங்கு பெருக்கும் அகலமான வாசிப்பு லென்ஸைக் கொடுங்கள். அதைப் பொருளின் மேல் பிடித்து, தெளியும் வரை மேலே தூக்கினால் போதும்.

பெரியவருக்கும் தனியாக ஒரு நோட்டு வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். பெரியவர் நின்று மேற்பார்வை பார்க்கும் வேலை குழந்தைக்கு வீட்டுப்பாடமாகத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து தானும் கோணல்மாணலாக வரையும் பெரியவரைப் பார்த்தால் குழந்தையின் கூச்சம் தானாகவே போகும்.

பக்கத்தின் தலையில் எழுத வேண்டியவை

படம் தொடங்கும் முன்பே தேதி, நேரம், இடம், வானிலை. கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும், தேதி இல்லாத குறிப்பு பிறகு எதற்கும் பயன்படாது. இடத்தைத் துல்லியமாகச் சொல்லப் பழக்குங்கள். "தோட்டம்" என்பது போதாது. "பின்வாசல் தூணுக்கு வலப்பக்கம், நிழலில்" என்று இருந்தால் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்துக்குத் திரும்பலாம்.

வானிலைக்கு "வெயில்" என்று ஒரு சூரியனை வரைந்துவிட்டுப் போவது வழக்கம். அதை அளவாக மாற்ற இரண்டு எளிய வழிகள் உண்டு. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்ததாக எண்ணி, அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று எழுதலாம். வானிலை ஆய்வாளர்களும் எட்டில்தான் கணக்கிடுகிறார்கள். காற்றுக்குப் பியூஃபோர்ட் அளவுகோல் இருக்கிறது, கருவி வேண்டாம். புகை நேராக மேலே போனால் 0. புகை சாய்ந்தாலும் இலை அசையாவிட்டால் 1. இலை சலசலத்தால், முகத்தில் காற்றுப் பட்டால் 2. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 3. புழுதியும் காகிதத் துண்டும் கிளம்பினால் 4. இலை நிறைந்த சிறு மரமே அசைந்தால் 5. அளவுகோல் 12 வரை போகும், 5-க்கு மேல் குழந்தையோடு வெளியில் உட்கார வேண்டியதில்லை. நோட்டின் உள் அட்டையில் இதை எழுதி ஒட்டிவிட்டால் குழந்தைகள் தாங்களே எண் சொல்வார்கள்.

முதல் நாள்: ஓர் இலை, இருபது நிமிடம்

முதல் நாளே காட்டுக்குப் போக வேண்டாம். புதிய இடத்தில் குழந்தை ஓடத்தான் நினைக்கும், ஓடுவதுதான் நியாயம். வீட்டு மேசையில், கீழே விழுந்து கிடந்த ஓர் இலையோடு தொடங்குங்கள். கொஞ்சம் சேதமான இலையாகத் தேர்ந்தெடுங்கள், அதில்தான் பார்ப்பதற்கு நிறைய இருக்கும்.

முதல் இரண்டு நிமிடம் பென்சிலைத் தொடக் கூடாது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்ணில் படுவதை எல்லாம் வாயால் சொல்லட்டும்: "ஓரம் ரம்பம் மாதிரி இருக்கு", "அடிப்பக்கம் வெளுப்பா இருக்கு", "நரம்பு அடியிலதான் புடைச்சிருக்கு". எத்தனை சொன்னார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஐந்தில் நிற்கும். "இன்னும் மூன்று இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே என்று காட்ட வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்றில்தான் நல்லது வரும்.

அடுத்து கண் மட்டும் பார்க்கும் கோடு. பென்சில் முனையைத் தாளில் வைத்து, கண்ணை இலையின் விளிம்பில் வைக்க வேண்டும். ஓர் எறும்பு அந்த விளிம்பில் ஊர்ந்து போவதாக நினைத்து, கண் அதன் பின்னே போக, கை அதே வேகத்தில் தாளில் போகும். தாளைப் பார்க்கவே கூடாது. முடிவில் வருவது இலைபோல் இருக்காது, கோடுகள் சேராது, எல்லாரும் சிரிப்பீர்கள். அதுதான் வேண்டும். இந்தக் கோட்டில் யாருக்குமே நன்றாக வராது என்பதால் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால் விளிம்பின் ஒவ்வொரு வளைவும் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கும்.

மூன்றாவதாக, தாளைப் பார்த்தபடி சாதாரணமாக வரைவது. முதலில் நடு நரம்பு, அதன் சாய்வு. பிறகு எந்த இடத்தில் இலை மிக அகலம் என்று ஒரு புள்ளி. பிறகு விளிம்பு. கடைசியில் பக்க நரம்புகள், அவை எதிரெதிராகக் கிளம்புகின்றனவா மாறிமாறியா என்று பார்த்து. எல்லா நரம்பையும் வரைய வேண்டியதில்லை. ஒரு பாதியை மட்டும் விவரமாக வரைந்து மறுபாதியை வெறும் கோடாக விடலாம். தாவரவியல் ஓவியர்களும் அப்படி விடுவதுண்டு.

கடைசி ஐந்து நிமிடம் அம்புக்குறிகளுக்கு. "இங்கே கருகியிருக்கிறது", "7.5 செ.மீ.", "தொட்டால் சொரசொரப்பு". படத்தில் வராததைச் சொல் சொல்லிவிடும் என்று தெரிந்ததும் வரையத் தயங்கும் குழந்தைகூட எழுதத் தொடங்கும்.

இருபது நிமிடத்தில் நிறுத்துங்கள். இன்னும் செய்கிறேன் என்று கேட்டால் ஐந்து நிமிடம் கூட்டலாம். களைத்துப்போகும் வரை இழுத்தால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

பார்க்கிறேன், யோசிக்கிறேன், நினைவுக்கு வருகிறது

இரண்டாம் முறையிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் இந்த மூன்று தொடக்கங்களையும் வையுங்கள். "நான் பார்ப்பது..." என்பது கண்ணில் பட்டதை மட்டும் சொல்லும். "எனக்குத் தோன்றும் கேள்வி..." என்பது பதில் தெரியாததைச் சொல்லும். "இது எனக்கு நினைவூட்டுவது..." என்பது தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போடும்.

மூன்றில் முதலாவதுதான் கடினம். குழந்தைகள் பார்த்ததையும் ஊகித்ததையும் கலந்து சொல்வார்கள். "எறும்பு பசியா இருக்கு" என்பது ஊகம். "எறும்பு தன்னைவிடப் பெரிய துண்டை இழுக்குது" என்பது பார்த்தது. திருத்த வேண்டாம். "அது எதைப் பார்த்துத் தெரிஞ்சது?" என்று கேட்டால் போதும், குழந்தையே பார்த்த விஷயத்துக்கு இறங்கி வரும்.

கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிடும் ஆசையை அடக்குவதுதான் இந்த முழுப் பழக்கத்திலும் பெரியவர்களுக்கு மிகக் கஷ்டமான பகுதி. பெயரும் அப்படித்தான். செடியின் பெயரைச் சொன்ன மறுநொடி குழந்தை அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். பெயர் கிடைத்தது, வேலை முடிந்தது என்று மூளை முடிவு கட்டிவிடும். குழந்தை தானே ஒரு பெயர் வைக்கட்டும், "முள்ளுக்கால் பச்சைப்பூச்சி" என்பதுபோல. உண்மையான பெயரை மறுநாள் தேடலாம், அப்போது தேடுவதற்கு அடையாளங்கள் பக்கத்தில் இருக்கும்.

எண்ணும் அளவும்

படத்தில் தயங்கும் குழந்தைகள், குறிப்பாக எட்டு வயதுக்கு மேல் "எனக்கு வரைய வராது" என்று முடிவு கட்டியவர்கள், எண்ணில் ஒட்டிக்கொள்வார்கள். பூவிதழ்களை எண்ணச் சொல்லுங்கள். மூன்று அல்லது அதன் மடங்காக இருந்தால் பெரும்பாலும் ஒருவித்திலைத் தாவரம் (முளைக்கும்போது ஒரே வித்திலை உள்ளது), இலையின் நரம்புகள் இணையாக ஓடுகின்றனவா என்று உடனே சரிபார்க்கலாம். நான்கு, ஐந்து அல்லது அவற்றின் மடங்கு என்றால் இருவித்திலை, நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். விதிவிலக்குகள் உண்டு, அவை கிடைத்தால் இன்னும் நல்லது. சாமந்தி, சூரியகாந்தி வகைகளில் இதழ் எண்ணினால் குழப்பம் வரும். அங்கே ஒவ்வொரு "இதழும்" ஒரு தனிச் சிறுபூ, நடு வட்டம் முழுவதும் பூக்கூட்டம். லென்ஸ் வைத்துக் காட்டினால் குழந்தைகள் வாய்பிளப்பார்கள்.

ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலைகளும் ஏமாற்றும். எது இலை, எது சிற்றிலை? காம்பு சேரும் மூலையைப் பாருங்கள். தண்டோடு சேரும் மூலையில் சின்ன மொட்டு இருந்தால் அது முழு இலை. மொட்டு இல்லாவிட்டால் அது ஓர் இலையின் துண்டுதான்.

பெரிதாக வரைந்தால் எத்தனை மடங்கு என்று எழுதப் பழக்குங்கள்: "× 4". இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து எறும்பா வண்டா என்று தெரியாது. அளவுகோல் கையில் இல்லாத நேரத்துக்காகக் குழந்தையின் சுண்டுவிரல் நக அகலம், சாண், பாத நீளம் ஆகியவற்றை உள் அட்டையில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

நகரும் உயிர்கள்

எறும்புதான் எளிதான தொடக்கம், ஓடிப்போனாலும் அடுத்தது வரும். எறும்புச் சாரையின் ஓரத்தில் பத்து செ.மீ. இடைவெளியில் இரண்டு சிறு கற்களை வைத்து, ஓர் எறும்பு அதைக் கடக்க எத்தனை நொடி என்று ஐந்து எறும்புகளுக்கு அளந்து எழுதுங்கள். கற்களைச் சாரையின் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டால் எறும்புகள் தடுமாறி நின்று அளவு கெட்டுவிடும். பிறகு சாரையின் குறுக்கே ஒருமுறை விரலால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். வந்த எறும்புகள் அந்த இடத்தில் திகைத்துச் சுற்றும், ஏனென்றால் அவை தரையில் விட்ட வாசனைத் தடத்தைத்தான் பின்பற்றுகின்றன. எத்தனை நிமிடத்தில் சாரை மீண்டும் ஒட்டுகிறது என்பது ஒரு முழுப் பக்கத்துக்கான விஷயம்.

பூச்சியை வரையும்போது எல்லாக் குழந்தைகளும் ஒரே தவறைச் செய்வார்கள்: ஆறு கால்களை உடல் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. ஆறு கால்களும், இறக்கை இருந்தால் அவையும், மார்பிலிருந்து மட்டுமே கிளம்பும். சொல்லிக்கொடுக்காமல் "கால் எந்தத் துண்டிலேர்ந்து வருது?" என்று கேட்டு லென்ஸை நீட்டுங்கள். சிலந்திக்கு எட்டுக் கால், உடல் இரண்டு பகுதிதான்.

புழுவைக் கண்டால் அது தின்னும் செடியையும் சேர்த்தே வரைய வேண்டும். 1679-ல் தன் புழு, பட்டாம்பூச்சி ஓவியங்களின் முதல் தொகுதியை வெளியிட்ட ஓவியர் மரியா சிபில்லா மெரியன் அப்படித்தான் செய்தார்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி, அவற்றின் உணவுச் செடி எல்லாம் ஒரே பக்கத்தில். பல புழுக்கள் குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும் என்பதால் செடி இல்லாத புழுப் படத்தை வைத்துக்கொண்டு பிறகு அடையாளம் காண்பது கடினம்.

பறவை நிற்காது, அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மூன்று நொடி பார்த்து, முதுகின் சாய்வுக்கு ஒரே ஒரு கோடு. அதன்மேல் உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம். பிறகுதான் அலகும் வாலும். பறவை திரும்பிவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். பழைய நிலைக்கு அது மீண்டும் வரும்போது பழைய படத்துக்குப் போகலாம். ஒரு பக்கத்தில் ஆறு அரைகுறைப் பறவைகள் இருப்பது ஒரு முழுப் பறவையைவிட மேல்.

குரலை எழுத்தில் பிடிப்பதற்குத் தமிழ் மிகவும் கைகொடுக்கும். குறில் நெடில் பேதம் இருப்பதால் "குக்-கூ", "கூஉஉ-கு" என்று நீளத்தைத் துல்லியமாகக் காட்டலாம். அளபெடையைக் குழந்தைகள் இலக்கணப் பாடத்தில் சந்திக்கும் முன்பே இங்கே பயன்படுத்திவிடுவார்கள். ஏறும் குரலுக்கு மேலே போகும் கோடு, இறங்கும் குரலுக்குக் கீழே போகும் கோடு.

இதன் நீட்சிதான் ஒலி வரைபடம். பக்கத்தின் நடுவில் ஒரு பெருக்கல் குறி, அது குழந்தை உட்கார்ந்திருக்கும் இடம். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டு, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒலி வருகிறதோ அங்கே ஒரு சின்னக் குறி. வண்டிச் சத்தமும் மின்விசிறியும்கூட வரட்டும். வடிகட்டினால் அது பார்த்ததன் பதிவாக இருக்காது.

வெளியே போக முடியாத நாட்கள்

ஜன்னலும் ஒரு கண்ணாடிப் புட்டியும் போதும். புட்டியின் உட்சுவரை ஒட்டி உறிஞ்சுதாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலைந்து அவரை அல்லது பயறு விதைகளைச் செருகுங்கள். அடியில் ஒரு செ.மீ. தண்ணீர். தாள் உறிஞ்சிக்கொண்டு விதையை ஈரமாக வைக்கும், விதை தண்ணீரில் மூழ்கக் கூடாது. மூழ்கினால் காற்றில்லாமல் அழுகிப் பூஞ்சை பிடிக்கும். பெரும்பாலோருக்கு இது கெட்டுப்போவது இதனால்தான். தினமும் ஒரே நேரத்தில் வேரையும் தண்டையும் தனித்தனியாக அளந்து எழுதினால் முதலில் வெளியே வருவது வேர்தான் என்று தெரியும். வேர் இரண்டு செ.மீ. ஆனதும் புட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, அதே ஈரத்தில் விடுங்கள். ஓரிரு நாளில் வேர் நுனி கீழ்நோக்கித் திரும்பும். எந்த நாள், எத்தனை மணி என்று படத்தோடு பதியுங்கள்.

நிலாவுக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், சூரியன் மறைந்து அரைமணி கழித்து மேற்கே பாருங்கள். தினமும் அதே நேரம், அதே ஜன்னல் அல்லது மாடி. தொடுவானத்தில் தெரியும் மரத்தையும் கட்டடத்தையும் ஒருமுறை வரைந்துகொண்டு அதே படத்தில் ஒவ்வொரு நாளும் நிலாவைச் சேர்த்துக்கொண்டே போகலாம். நீட்டிய கையின் ஒரு முஷ்டி சுமார் 10 பாகை. நிலா நாளொன்றுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிழக்கே நகர்ந்திருக்கும். மேற்கு ஜன்னல் மட்டும் இருந்தால் நான்கைந்து நாளில் நிலா பார்வையிலிருந்து நழுவிவிடும், முன்கூட்டியே யோசித்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வெயில் விழும் தரை இருந்தால் 30 செ.மீ. குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, மணிக்கொரு முறை நிழல் நுனியில் கல் வைக்கலாம். மிகக் குட்டையான நிழல் கடிகாரத்தின் 12 மணிக்குச் சரியாக வராது என்பதே பல குழந்தைகளுக்கு முதல் அதிர்ச்சி.

நிறம், ஒட்டுதல், உரசல்

வண்ணத்தை அவசரப்பட்டுக் கொண்டுவர வேண்டாம், ஒரு மாதம் பென்சிலிலேயே போகட்டும். வண்ணம் வந்ததும் பக்க ஓரத்தில் ஒரு சோதனைப் பட்டை வையுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் அங்கே பூசி, பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே படத்துக்குப் போக வேண்டும். டப்பாவில் இருக்கும் பச்சை எந்த இலையிலும் அநேகமாக இருக்காது, கண்ணைப் பறிக்கும். அதில் துளி சிவப்பைச் சேர்த்தால் அடங்கி வரும். நிறத்துக்குப் பெயர் தேடுவதும் நல்ல விளையாட்டு: கிளிப்பச்சை, பாசிப்பச்சை, துரு, சாம்பல். "பச்சை" என்று மட்டும் எழுத அனுமதிக்காதீர்கள்.

இலை உரசலில் சொதப்புவதற்கு மூன்று காரணங்கள். நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே இருக்க வேண்டும், பலர் தலைகீழாக வைக்கிறார்கள். மேலே வைக்கும் தாள் மெல்லியதாக இருக்க வேண்டும், எனவே தனித்தாளில் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள். கிரேயானின் நுனியால் தேய்க்காமல், தோலை உரித்துப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். சருகு நொறுங்கும், புது இலைதான் சரி.

பச்சையாக எதையும் நோட்டில் ஒட்டாதீர்கள். இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துப் பக்கத்துத் தாளும் கறைபடும். செய்தித்தாள் மடிப்புகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். முதல் வாரம் இரண்டு நாளுக்கொரு முறை தாளை மாற்ற வேண்டும், ஈரத்தை அதுதான் வெளியே எடுக்கிறது. இரண்டு வாரத்தில் மெல்லிய இலைகளும் பூக்களும் தயாராகும். சதைப்பற்றுள்ளவை இப்படிக் காயாது, அவற்றை வரைந்துவிட்டு விடுங்கள். காய்ந்ததை முழுவதும் பசை தடவி ஒட்டினால் சுருங்கி விரிசல் விடும், காம்பிலும் நுனியிலும் சின்னத் தாள்பட்டை போட்டுப் பிடித்தால் போதும்.

வயதுக்கு ஏற்ற அளவு

மூன்று, நான்கு வயதில் ஐந்து நிமிடம். குழந்தை கிறுக்கட்டும், சொல்வதைச் சொன்னபடியே நீங்கள் எழுதுங்கள், இலக்கணம் திருத்தாமல். ஐந்திலிருந்து ஏழு வரை படமும் இரண்டு மூன்று சொல் அம்புக்குறிகளும், பத்துப் பதினைந்து நிமிடம். எட்டு வயதில் அளவும் கேள்வியும் சேரும். பதினொன்றுக்கு மேல் இரண்டு பொருள்களை ஒப்பிடுவதும், வாரக்கணக்கில் அளந்ததை வரைபடமாக்குவதும் முடியும். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரே பொருளைக் கொடுங்கள், ஆனால் முடிந்ததும் பக்கங்களை அருகருகே வைக்காதீர்கள். சின்னவர் அன்றே நிறுத்திவிடுவார்.

வாரத்துக்கு இரண்டு முறை போதும். தினமும் என்று விதி போட்டால் ஒருநாள் தவறியதும் முழுதாகக் கைவிடுவார்கள்.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். "அழகா இருக்கு" என்று ஒருமுறை சொன்னால் அடுத்த பக்கம் அழகுக்காக வரும். "இந்த ஓட்டையோட ஓரம் பழுப்பா இருக்கிறதை நான் கவனிக்கவே இல்லை" என்று சொன்னால் அடுத்த பக்கத்தில் இன்னும் நுணுக்கமான ஒன்று வரும். எழுத்துப்பிழைகளைத் தொடவே வேண்டாம். குழந்தையின் படத்தில் உங்கள் பென்சில் ஒருமுறைகூடப் படக் கூடாது, "சும்மா ஒரு கோடு" கூட. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் நோட்டில் வரைந்து காட்டுங்கள்.

தொடக் கூடாதவை

ரோமப் புழுக்களின் மயிர் தோலில் குத்தி எரியும், கண்ணில் பட்டால் மோசம். பால் வடியும் செடிகளின் காம்பை ஒடிக்க வேண்டாம், எதையும் வாயில் வைக்க வேண்டாம், முடிந்ததும் கை கழுவ வேண்டும். கல்லைத் தூக்கும்போது தூரத்து விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள், அப்போது அடியில் இருப்பது உங்களுக்கு எதிர்த்திசையில் வெளியேறும். பார்த்ததும் கல்லை அதே இடத்தில், அதே பக்கம் படும்படி வையுங்கள். புட்டியில் பிடித்த பூச்சியை நிழலில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல், பிடித்த இடத்திலேயே விடுங்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டின் அருகே போகவே வேண்டாம். சில நாடுகளில் காட்டுப்பறவைகளின் இறகையும் கூட்டையும் எடுத்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், எனவே இறகைப் பார்த்த இடத்திலேயே வரைந்துவிட்டு வருவது நல்லது. லென்ஸ் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. வெயிலில் லென்ஸை விட்டுவிட்டுப் போனாலும் தீப்பிடிக்கலாம்.

ஒரே கிளை, ஓர் ஆண்டு

இரண்டு மாதத்தில் பழக்கம் ஊன்றிய பிறகு இதைத் தொடங்குங்கள். எட்டும் உயரத்தில் ஒரு கிளையைத் தேர்ந்து வண்ணநூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கிளை பருக்கும்போது நூல் வெட்டிவிடும். வாரம் ஒருநாள், அதே கிளை, பத்து நிமிடம். இலைகளை எண்ணி, நுனியிலிருந்து நூல் வரை அளந்து, புதிதாக வந்தது, விழுந்தது, தின்னப்பட்டது எல்லாம் எழுதுங்கள். நிலைகளைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை: இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு, பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல், காய்க்குப் பிஞ்சு, காய், கனி. எது எப்போது அரும்பு, எப்போது மொட்டு என்று எல்லை வகுப்பதைக் குழந்தையிடமே விடுங்கள். "பச்சை மட்டும் தெரிந்தால் அரும்பு, நிறம் எட்டிப்பார்த்தால் மொட்டு" என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு வருடம் முழுக்க அதையே பின்பற்றினால் போதும்.

இதில் சலிப்புத் தட்டும் வாரங்கள் வரும், ஒன்றுமே மாறாதவை. அந்த வாரங்களிலும் தேதி போட்டு "மாற்றம் இல்லை, 23 இலை" என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு எந்த வாரம் தளிர் கிளம்பியது என்று சொல்வதற்கு, அதற்கு முந்தைய வாரம் அது இல்லை என்ற பதிவு வேண்டும்.

நோட்டின் கடைசி இரண்டு தாள்களைப் பொருளடக்கத்துக்கு விட்டு, பக்க எண்ணும் போட்டு வாருங்கள். கிளைப் பக்கங்களில் கீழ்க் கால்வாசியை இப்போதே கோடு போட்டுக் காலியாக விடுங்கள். அடுத்த ஆண்டு அதே வாரம் அதே கிளையைப் பார்த்துவிட்டு, வேறு நிறப் பென்சிலால் அங்கே எழுத.